வர்ணக்குழலும் வளையல் துண்டுகளும்

பதுளை நகரத்துச் சலூன்களிலே, நாற்காலியின் முன்னே ஒரு பெரிய கண்ணாடியும் பின்சுவரிலே மற்றொன்றும் எதிரெதிராக மாட்டப்பட்டிருத்தலை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டப்பட்டு, தலையைத் திருப்பும் உரிமையும் இழந்து அமர்ந்திருக்கும் அந்தக் கால்மணி நேரத்திலே நமக்கு ஒரு காட்சி இலவசமாகக் கிடைக்கின்றது. கண்ணாடியிலே நமது முகம், அதன் பின்னே நமது பிடரி, அதற்கும் பின்னே மீண்டும் முகம், மீண்டும் பிடரி. முகமும் பிடரியுமாக ஓர் ஊர்வலம் சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கோ செல்கின்றது. ஊர்வலத்தின் கடைசி ஆளைக் கண்டுவிடலாம் என்று சற்றே சாய்ந்தால், எல்லாத் தலைகளும் உடன் சாய்ந்து வழியை மறைத்துவிடுகின்றன. உற்று நோக்குவோர் இன்னொன்றும் காண்பர். தொலைவிலுள்ள தலைகள் வரவர மங்கி, பாசி படர்ந்தாற்போலப் பச்சை நிறம் கொள்கின்றன. கண்ணாடி செய்த மணலிலே கலந்துள்ள சிறிதளவு இரும்பே அதற்குக் காரணம். ஒளி ஒவ்வொரு முறை கண்ணாடியின் ஊடே சென்று மீளும்போதும், பச்சை ஒழிந்த நிறங்கள் சற்று மிகுதியாக உறிஞ்சப்படுகின்றன.

இவ்வித்தை நம்மவர்க்குப் புதியதன்று. திருவரங்கம் பெரிய கோயிலிலே கண்ணாடி அறை என்றே ஓர் இடம் உண்டு. உற்சவ நாட்களிலே நம்பெருமாள் அங்கிருந்து புறப்பாடு கொள்வது வழக்கம். கண்ணாடிகளின் நடுவே ஒரு தீபத்தை ஏற்றினால் நூறு தீபம் ஏற்றிய பயன் கிடைக்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் எதிரெதிரே நிற்கும் கண்ணாடிகள் ஒரு நேர் வரிசையையே தரும். அவ்விரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பாதி திறந்த புத்தகம்போல ஒரு கோணத்திலே நிறுத்தினால் அந்த வரிசை வளைந்து வட்டமாகிவிடுகின்றது. வரிசை வட்டமாகும் அவ்விடத்திலேதான், இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டுக் கருவி பிறக்கின்றது.

கலைடாஸ்கோப் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியிலே கலொஸ் என்பது அழகு. எய்தொஸ் என்பது உருவம். ஸ்கோப்பெயோ என்பது நோக்குதல். மூன்றையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் இது. நாம் எளிமை கருதி வர்ணக்குழல் என்றே இங்கு வழங்குவோம். திருவிழாக் கடைகளிலே விற்கும் சாதாரண வர்ணக்குழல், பூப்போட்ட தாள் சுற்றிய ஓர் அட்டைக் குழாய்தான். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நோக்கிக் குழலைத் திருப்பினால் நட்சத்திரம் மலர்கின்றது; இன்னும் சற்றுத் திருப்பினால் அது உதிர்ந்து வேறொன்று மலர்கின்றது. வாங்கிய பிள்ளை இரண்டு நாள் பார்க்கும். மூன்றாம் நாள் உடைக்கும். உடைத்தால் கிடைப்பவை மூன்று கண்ணாடிப் பட்டிகளும், யாழ்ப்பாணத்தார் காப்பு என்றும் மலையகத்தார் வளையல் என்றும் கூறும் பொருளின் சில உடைந்த துண்டுகளுமே. நட்சத்திரம் எங்கே போயிற்று என்று பிள்ளை விழிக்கும். தகப்பனாரும் விழிப்பார். குழலை உடைத்த பிள்ளையை அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு மேலே செல்கின்றோம்.

குழலின் உள்ளே நிகழ்வது யாது? பாடநூல்கள் தளவாடி என்று கூறும் சமதளக் கண்ணாடி, தன்மீது படும் ஒளிக்கதிரை வந்த சாய்விலேயே மறுபுறம் தெறிக்கச் செய்யும். படுகோணமும் தெறிகோணமும் சமம் என்னும் இந்த ஒரு விதியே குழல் முழுவதையும் ஆள்கின்றது. இரண்டு கண்ணாடிகளை 60 பாகைக் கோணத்தில் நிறுத்தி, இடையே ஒரு சிவப்பு வளையல் துண்டை வைத்ததாகக் கொள்வோம். வலக் கண்ணாடி தன்னுள்ளே ஒரு துண்டைக் காட்டும். இடக் கண்ணாடியும் ஒன்றைக் காட்டும். இத்தோடு நின்றால் துண்டுகள் மூன்றே. ஆனால் வலக் கண்ணாடி இடக் கண்ணாடியையும் அல்லவா பார்த்துக்கொண்டு நிற்கின்றது? அதனுள்ளே தெரியும் விம்பத்தையும் மெய்ப்பொருள்போலவே ஏற்று, அதற்கும் ஒரு விம்பத்தை ஆக்கிவிடுகின்றது. இடக் கண்ணாடியும் அவ்வாறே செய்கின்றது. துண்டுகள் ஐந்தாயின. இறுதியாக, இரு புறங்களிலிருந்தும் வரும் மூன்றாந் தலைமுறை விம்பங்கள், மெய்த்துண்டுக்கு நேரெதிர்ப் புறத்திலே சந்தித்து, மயிரிழையும் பிசகாது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒன்றாகிவிடுகின்றன. மெய் ஒன்று, விம்பம் ஐந்து, ஆக ஆறு. வட்டத்தின் 360 பாகையை 60 ஆல் வகுத்தாலும் ஆறுதானே வருகின்றது. கோணம் 45 பாகையாயின் எட்டு. 30 பாகையாயின் பன்னிரண்டு.

எந்தக் கோணமும் ஆகுமா என்று மாணவர் கேட்பர். 72 பாகையை எடுத்துக்கொண்டால் 360 ஐந்தாக மீதியின்றி வகுபடுகின்றது. ஆயினும் ஐந்து பங்குள்ள வட்டம் சரிவரப் பொருந்துவதில்லை. ஓரிடத்திலே பிளவு தெரியும். விம்பத்திலே இடவலம் மாறும். விம்பத்தின் விம்பத்திலே மாறியது மீண்டும் நேராகும். ஆகவே வட்டத்திலே நேர், மாறு, நேர், மாறு என்று பங்குகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்றல் வேண்டும். கோலாட்டத்திலே, வட்டமாக நிற்கும் பெண்களில் ஒருத்தி உள்நோக்கியும் அடுத்தவள் வெளிநோக்கியும் நின்று கோலடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் என்றால் ஆட்டம் நடக்கும். ஏழு பேர் என்றால் ஒரே திசையை நோக்கும் இருவர் எங்கோ அடுத்தடுத்து நின்று கோலை எங்கே அடிப்பது என்று தெரியாமல் திகைப்பர். கண்ணாடிகளுக்கும் அதே சங்கடம். ஆதலின் வட்டத்தை இரட்டை எண்ணால் வகுக்கும் கோணமே வர்ணக்குழலுக்கு ஏற்ற கோணம்.

மூன்றாவது பக்கத்துக்கும் கண்ணாடியே வைத்துவிட்டால் நட்சத்திரம் ஒன்றோடு நில்லாமல், பாய் விரித்தாற்போல நாற்புறமும் எல்லையின்றிப் பரவும். அப்போது முக்கோணத்தின் மூன்று மூலைகளும் மேற்கூறிய நிபந்தனைக்கு உட்பட வேண்டும். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகையோ 180 பாகையைத் தாண்ட முடியாது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்றே மூன்று வடிவங்கள்தாம் தேறுகின்றன: மூன்றும் 60, அல்லது 90, 45, 45, அல்லது 90, 60, 30. நான்காவது ஒன்று இல்லை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு இதைத் தாமே நிறுவலாம். நிறுவிப் பார்த்தால் இனிமையாக இருக்கும்.

இனி, இதன் பிறப்பைப் பார்ப்போம். இரு கண்ணாடிகளைக் கோணத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பலர். 16ஆம் நூற்றாண்டிலே இத்தாலியரான போர்த்தா அதுபற்றி எழுதியிருக்கின்றார். கிர்ச்சர் என்னும் இயேசுசபைத் துறவியார் 1646இல் ஒளியையும் நிழலையும் பற்றிய தமது பெருநூலிலே, புத்தகம்போலத் திறந்து மூடும் இரு கண்ணாடிகளை விவரித்தார். 1717இல் ரிச்சர்ட் பிராட்லி என்னும் ஆங்கிலேயர் அதைத் தோட்டக் கலைக்குப் பயன்படுத்தினார். தோட்டம் என்றது பூந்தோட்டத்தையே. நம் பக்கத்துத் தோட்டத்தையன்று. பிரபுக்களின் மாளிகைகளிலே பாத்திகளைச் சித்திரம்போல அமைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. பாத்தியின் ஒரு மூலையைத் தாளிலே வரைந்து, அதன்மீது இரு கண்ணாடிகளை நிமிர்த்தி வைத்தால் தோட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் என்றார் பிராட்லி. பின்னர் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே தாவரவியற் பேராசிரியருமானார்.

அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1817இல், வர்ணக்குழலுக்கு ஆக்கவுரிமை பெற்றவர் டேவிட் புரூஸ்டர் என்னும் ஸ்கொத்லாந்தியர். 1781இல் ஜெட்பரோ என்னும் சிற்றூரிலே பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்திற் புகுந்தவர். பாதிரியாராவதற்கே படித்தார்; பிரசங்கம் செய்யும் தகுதியும் பெற்றார். ஆனால் சபையின் முன்னே பேச எழுந்தால் அவருக்கு நடுக்கம் கண்டுவிடும். திருச்சபை ஒரு பிரசங்கியை இழந்தது. ஒளியியல் ஓர் அறிஞரைப் பெற்றது. தெறித்த ஒளி எந்தக் கோணத்திலே முழுமையாக முனைவுபடுகின்றது என்பதைக் கூறும் விதியை அவர் 1815இல் வெளியிட்டார். இன்றும் உயர்தர மாணவர் அதைப் புரூஸ்டர் விதி என்றே படிக்கின்றனர்.

வர்ணக்குழல் அவர் தேடிச் சென்று கண்டதன்று. திரவங்களின் ஊடே ஒளி செல்வதை ஆராய்வதற்காக, இரு கண்ணாடித் தகடுகளைக் கோணமாகச் சேர்த்து ஒட்டி ஒரு தொட்டி செய்திருந்தார். ஒட்டும்போது பசை சிறிது இடுக்கின் வழியே பிதுங்கி நின்றது. தொட்டியின் ஒரு முனையிலே கண்ணை வைத்து நோக்கியவர், அருவருப்பாகப் பிதுங்கிய அந்தப் பசை ஒழுங்கான ஒரு பூவைப்போல வட்டமாய் அமைந்து தோன்றுவதைக் கண்டார். பசையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிரார். அவர் துடைக்கவில்லை.

கிர்ச்சரும் பிராட்லியும் முன்னரே செய்ததைத்தானே இவரும் செய்தார் என்று அக்காலத்தில் வழக்காடியோர் உண்டு. அது நேர்மையான வாதமன்று என்பதே நமது கருத்து. புரூஸ்டர் மூன்று நிபந்தனைகளைக் கண்டறிந்தார். கோணம் வட்டத்தை இரட்டை எண்ணால் வகுக்கவேண்டும் என்பது ஒன்று. பார்க்கும் பொருள் கண்ணாடிகளின் முனையை ஒட்டியே இருக்கவேண்டும் என்பது இரண்டாவது. சற்று விலகினாலும் பங்குகளுக்கிடையே இடைவெளி விழுந்துவிடும். கண், மறுமுனையிலே கண்ணாடிகள் இரண்டும் கூடும் மூலைக்கு மிக அருகில் இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. கண் விலகினால் வட்டம் கோணலாகும்; எதிர்ப்புறத்துப் பங்குகள் இருண்டுபோகும். இம்மூன்றும் கூடினாலொழிய அழகு இல்லை. பிராட்லியின் கண்ணாடிகள் ஒரு படத்தைப் பெருக்கிக் காட்டின. புரூஸ்டரின் குழலோ குப்பையை ஒழுங்காக்கியது.

விற்பனையோ கட்டுக்கடங்கவில்லை. பேர்மிங்காம் நகரத்துப் பிலிப் கார்ப்பென்டர் என்னும் கருவி வணிகர் குழலைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். ஆனால் ஆக்கவுரிமை கைக்கு வருமுன்னரே மாதிரிக் குழலொன்று இலண்டன் வணிகர் சிலரின் கண்ணிற் பட்டுவிட்டதாம். அட்டையும் கண்ணாடியும் கையிலுள்ள எவனும் செய்யத்தக்க பொருள் அல்லவா? தெருவெங்கும் போலிகள் மலிந்தன. இலண்டனிலும் பாரிசிலும் மூன்றே மாதங்களில் இரண்டு இலட்சம் குழல்கள் விற்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவற்றுள் முறைப்படி செய்யப்பட்டவை ஆயிரமும் இரா என்று புரூஸ்டர் நொந்துகொண்டார். பணம் போனதைக் காட்டிலும், கோணல் குழலைப் பார்த்துவிட்டு வர்ணக்குழல் இவ்வளவுதான் என்று மக்கள் எண்ணிவிடுவார்களே என்பதே அவருடைய பெருங்கவலையாக இருந்திருக்க வேண்டும். 1819இல் அவர் அதற்கென்றே ஒரு தனி நூல் எழுதி, செய்முறை முழுவதையும் வெளியிட்டார். கம்பளம் நெய்வோரும் சுவர்த்தாள் அச்சிடுவோரும் சித்திர வேலைக்காரரும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அதே 1817, 1818ஆம் ஆண்டுகளை ஊவா மக்கள் வேறு விதமாக நினைவிற் கொண்டுள்ளனர். இலண்டன் வீதிகளிலே சிறுவர்கள் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரத்திலும் மனிதரிலும் மோதித் திரிந்த அம்மாதங்களிலே, வெல்லசையிலும் ஊவாவிலும் ஆங்கில ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி மூண்டிருந்தது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் வயல்களையும் வீடுகளையும் எரித்தன. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26ஆந் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டார். தேயிலையும் நம் முன்னோரும் இம்மலைகளுக்கு வந்தது பின்னாளிலே. அப்போது வந்த தோட்டத்துரைமாருள் புரூஸ்டரின் நாட்டவரான ஸ்கொத்லாந்தியர் ஏராளம். அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதென்னத் தோட்டத்தை வாங்கிய லிப்டனும் கிளாஸ்கோ நகரத்தவரே.

புரூஸ்டரைப் பற்றி இன்னொரு சிறு செய்தியும் தமிழ் வாசகர் அறியத்தக்கது. நம் வைத்தியர்கள் மூங்கிலுப்பு என்று வழங்கும் பொருள் ஒன்றுண்டு. மூங்கிற் கணுக்களின் உள்ளே உறைந்து கிடப்பது. இந்தியாவிலிருந்து சென்ற மூங்கிலுப்பை அவர் ஆராய்ந்து, 1819இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டிலே எழுதினார். அன்றுவரை அறியப்பட்டிருந்த திண்மப் பொருள்கள் எல்லாவற்றிலும் ஒளியை மிகக் குறைவாக வளைப்பது அதுவே என்று கண்டார். பிதுங்கிய பசையைத் துடைக்காத மனிதர் மூங்கிலுப்பையும் விடவில்லை.

கடையிலே விற்கும் குழல்களுட் பெரும்பாலானவை இன்றும் அந்த இரண்டு இலட்சத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பாடசாலைகளுக்குச் செல்லும்போது நாமே செய்த ஒரு குழலைக் கொண்டுசெல்வது வழக்கம். சென்ற ஆண்டு பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலைக்கு அழைத்திருந்தனர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலே. அதற்கு முன்னர் அவை பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும்தாம். இன்று கட்டடம் உண்டு, ஆசிரியர் உண்டு. விஞ்ஞான உபகரணங்கள் என்று அங்கே இருந்தவை ஓர் அலுமாரிக்குள் அடங்கிவிட்டன. அலுமாரியின் சாவி அன்று அகப்படவில்லை. குழல் கையோடு கையாகச் சென்றது. எல்லோரும் பார்த்து வியந்தபின், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் குழலைத் திருப்பிக் கொடாமல் நின்றாள்.

“சேர், ஆறுல எது நெசம்?” என்றாள்.

“நீயே பார்த்துச் சொல்லு பிள்ளை” என்றோம்.

மெல்லிய தாளிலே ‘க’ என்று எழுதிக் குழலின் முனையில் ஒட்டினாள். ஆறில் மூன்று ‘க’ சாய்ந்தும் சரிந்தும் இருந்தாலும் சரியான எழுத்துக்கள். மூன்று இடவலம் மாறியவை. மாறியவை மூன்றும் மெய்யல்ல என்று தள்ளினாள். எஞ்சிய மூன்றையும் எதைக்கொண்டு பிரிப்பது? சிறிது நேரம் குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பியாசப் புத்தகத்தின் கறுப்பு மேலட்டையிலிருந்து இரண்டு பட்டிகளை வெட்டி, ஒன்றை ஒரு கண்ணாடிக்கு முன்னே செருகினாள். நான்கு பங்குகள் மறைந்து இரண்டு எஞ்சின. மற்றதையும் செருகினாள். ஒன்றே எஞ்சியது. “இதுதான்” என்று காட்டினாள். நாம் சொல்லிக் கொடுத்திருந்தால், எல்லாவற்றினும் ஒளி மிகுந்த பங்கே மெய் என்று சொல்லியிருப்போம். அது கண்ணின் மதிப்பீடு. அவள் செய்தது சோதனை.

அவளுடைய தாயார் கொழுந்துக் கணக்கு முடித்துவிட்டு அங்கே வந்திருந்தார். மகளின் திறமையை எடுத்துக் கூறினோம். “சேர், ஓ எல் வரைக்கும் இங்க படிக்கட்டும். பொறகு டவுனுக்கு அனுப்ப பஸ் காசு யார்கிட்ட கேக்கிறது? அண்ணன்காரன் கொழும்புல கார்மென்ட்ஸ்ல சேத்து விடுறேன்னு சொல்றான்” என்றார். அவர் கூறியதிலே பொய் ஒன்றும் இல்லை. தமிழ்மொழியிலே உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்தும் பாடசாலைகள் ஊவா மாகாணத்தில் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் நகரங்களிலே. கொழுந்துக் கூலியிலிருந்து பஸ் காசையும் தங்குமிடச் செலவையும் பிரித்து எடுக்க வேண்டியவர் அவர். அறிவுரை கூறிவிட்டு வீடு திரும்பும் நாமல்லோம். அந்தப் பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை வர இன்னும் காலம் இருக்கின்றது. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருக்கின்றோம்.

ஒளி மிகுந்த பங்கு என்றோம், அதையும் விளக்கிவிடுவோம். எந்தக் கண்ணாடியும் பட்ட ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு இழக்கப்படுவதாக வைத்துக்கொண்டால், மூன்றாம் முறை தெறித்த ஒளி 100க்கு 73 ஆகும். ஏழாம் முறை பாதிக்கும் கீழே போய்விடும். மூன்று கண்ணாடிக் குழலிலே பாய்போல விரியும் சித்திரம் ஓரங்களில் இருள்வது இதனாலேயே. வேறொரு குறையும் உண்டு. வீட்டுக் கண்ணாடிகளில் இரசம் பூசியிருப்பது பின்புறத்திலே. முன்புறத்துக் கண்ணாடியும் சிறிது ஒளியைத் தெறிப்பதால், ஒவ்வொரு விம்பத்தின் விளிம்பிலும் ஒரு மெல்லிய போலிக் கோடு தோன்றும். உயர்ந்த குழல்களிலே முன்புறத்திலேயே பூசிய கண்ணாடியை வைப்பர். விரல் பட்டாலே கீறல் விழும்; விலையும் அதிகம்.

ஒருமுறை கண்ட சித்திரத்தை மீண்டும் காணமுடியுமா என்று கேட்போர் பலர். பத்து வளையல் துண்டுகள் பத்து இடங்களைத் தமக்குள் மாற்றி மாற்றிக்கொள்வதாக மட்டும் கொண்டாலே 3,628,800 வகைகள் உண்டு. பத்து வினாடிக்கு ஒன்றாக, உண்ணாமல் உறங்காமல் பார்த்தால் 420 நாட்கள் ஆகும். துண்டுகள் புரளவும் சரியவும் செய்யும் என்பதைக் கணக்கில் எடுத்தால் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. தைப்பொங்கலன்று லயத்து வாசலிலே புள்ளிக்கோலம் இடும் பெண்கள் இந்தக் கணக்கை வேறு வழியில் அறிந்தவர்கள். பெரிய கோலம் முழுவதையும் அவர்கள் மனத்திற் சுமப்பதில்லை. கால்வாசியைச் சுமந்தாற் போதும், மற்றதைக் கை தானே திருப்பித் திருப்பி இட்டுவிடும். குழலிலே கண்ணாடி செய்யும் வேலையை அங்கே கை செய்கின்றது.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு முறை இதோ. படங்களுக்குச் சட்டமிடும் கடைகளிலே கண்ணாடி வெட்டிய மிச்சத் துண்டுகள் கிடக்கும். 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள இரண்டு கண்ணாடிப் பட்டிகளை வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓரங்கள் கத்திபோல் இருக்கும். அவற்றை ஈரமான அரத்தாளால் தேய்த்துப் பசைநாடா ஒட்டும் வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். முகம் பார்க்கும் பக்கங்கள் உள்ளே இருக்க இரண்டையும் ஓரம் சேர்த்து, மூன்றாம் பக்கத்துக்கு அதே அளவுள்ள கறுப்பு அட்டையை வைத்து, இறப்பர் பட்டியால் இறுக்கிவிடுங்கள். மூன்று பக்கமும் சமமாதலால் கோணம் தானே 60 பாகையாக அமையும், கோணமானி வேண்டியதில்லை. ஒரு முனையை அட்டையால் மூடி, கண்ணாடிகள் கூடும் மூலையை ஒட்டி ஒரு சிறு துளை இடுங்கள்; நடுவில் இடவேண்டாம், புரூஸ்டர் வருந்துவார். மறுமுனையிலே ஒளி ஊடுருவும் தெளிந்த தாளை இழுத்து ஒட்டி, அதன்மீது உடைந்த வளையல்களைப் பரப்பி, எண்ணெய் தடவிய மெல்லிய தாளால் மூடுங்கள். துண்டுகள் புரள இடம் இருக்கட்டும்; நிறைத்துவிட்டால் அசையா.

முகக்கண்ணாடி கிடைக்காதவர்கள் சன்னற் கண்ணாடித் துண்டுகளின் பின்புறத்திலே கறுப்பு வர்ணம் பூசியும் செய்யலாம். சாதாரணக் கண்ணாடியும் மிகச் சாய்வாகப் படும் ஒளியை நன்றாகத் தெறிக்கும். மழை ஓய்ந்த மாலையிலே பண்டாரவளைத் தார்வீதி தூரத்தில் வெள்ளித் தகடுபோல மினுங்குவதும், காலடியிலே கறுப்பாகவே இருப்பதும் அதே காரணத்தால். புரூஸ்டரின் பசை பூத்ததும் வெறுங் கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலேதான். ஆடி, ஆவணி மாதங்களில் உலர்காற்று வீசி வானம் வெளுத்திருக்கும் நாட்களிலே குழல் மிக அழகாக இருக்கும். ஆனால் எக்காரணம் கொண்டும் அதைச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது.

மூன்றாம் பக்கத்து அட்டையின் அகலத்தை மாற்றினால் கோணமும் மாறும். ஒன்றரை அங்குலமாக வெட்டினால் கோணம் ஏறத்தாழ 45 பாகையாகி எட்டுப் பங்குகள் தோன்றும்; ஓர் அங்குலமாக வெட்டினால் ஏறத்தாழ 30 ஆகிப் பன்னிரண்டு தோன்றும். இம்மூன்றையும் செய்து முடித்தவர்கள் இறுதியாக ஒன்றே முக்கால் அங்குல அட்டையை வைத்துப் பாருங்கள். கோணம் 52 பாகை அளவில் வரும். வட்டத்திலே ஏழு பேர். கோலைத் தூக்கிக்கொண்டு திகைத்து நிற்கும் இருவர் எந்த இடத்தில் நிற்கின்றனர் என்று குழலிலே தேடி, கண்டதைப் படமாக வரைந்து எமக்கு அனுப்புங்கள்.